ஆற்றில் இட்டதும் குளத்தில் தேடியதும்

‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிறான்’ என்பது நம் பேச்சில் இன்றும் புழங்கும் பழமொழி. ஓரிடத்தில் தொலைத்ததை வேறிடத்தில் தேடும் பேதைமையைச் சுட்ட அதைச் சொல்கிறோம். அதில் வரும் ஆறு விருத்தாசலத்தில் ஓடும் மணிமுத்தாறு, குளம் திருவாரூர்க் கமலாலயம் என்பர். திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி.

அக்கதையில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன், சுந்தரர் அதிலிருந்து ஒரு துணுக்கை வெட்டித் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். அதற்கு மச்சம் என்று பெயர். மாதிரி என்று பொருள். திருவாரூரில் பொன் வந்து சேர்ந்தபின் அதை மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்கிறார்கள். மாற்றுக் குறைந்திருக்கிறது. மீண்டும் பாடுகிறார், மாற்று நேராகிறது. தோழனான இறைவன் கொடுத்த பொன்னுக்கே மாதிரி எடுத்து வைத்தவர் அவர்.

பக்திக் கதையைப் பட்டறைக் கணக்காக்குவது என் நோக்கமன்று. ஆயினும், ஒரு பொருள் ஓரிடத்தில் புறப்பட்டு மற்றோரிடத்தில் சேரும்போது இடைவழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்றறியப் புறப்பட்ட இடத்திலேயே ஓர் அளவுகோலை எடுத்துவைக்க வேண்டும் என்ற தெளிவு அக்கதையில் இருக்கிறது. அதே ஊர் பிற்காலத்தில் பீங்கானுக்குப் பெயர்பெற்றது. பீங்கான் தொழிலோ, பிழை ஓரிடத்தில் பிறந்து வேறோரிடத்தில் வெளிப்படுவதையே தன் இயல்பாகக் கொண்ட தொழில். பழமொழியும் தொழிலும் ஒரே ஊரில் வந்து சேர்ந்தது தற்செயல்தான். அந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் நடந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

*

விருத்தாசலம் என்றதும் இலக்கிய வாசகர்க்குச் சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் நினைவுக்கு வருவார். பழமலை, முதுகுன்றம் என்ற தமிழ்ப் பெயர்களை வடமொழிக்கு மாற்றினால் கிடைப்பதே விருத்தாசலம். பழமையையே பெயராகக் கொண்ட இவ்வூர், அண்மைக் காலத்தில்தான் பீங்கான் ஊராயிற்று. அதற்குக் காரணம் பக்கத்திலிருக்கும் நெய்வேலி. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. கரிக்கு மேலே கிடந்த மண்ணடுக்குகளை அகற்றியபோது அவற்றோடு வெண்களிமண்ணும் வந்தது. கரியைத் தேடியவர்களுக்கு அது வழியில் கிடந்த தடை. பீங்கான் செய்பவர்களுக்கோ அதுவே மூலப்பொருள்.

சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைக்கும் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பாக விருத்தாசலம் இருந்ததும் துணையாயிற்று. அரசின் பீங்கான் நிலையம், அதையொட்டிய தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் என ஒவ்வொன்றாக அமைந்தன. தமிழ்நாடு செராமிக்ஸ் என்ற அரசு நிறுவனமும் இவ்வூரை மையமாகக் கொண்டு இயங்கியது. வீட்டு மின்பலகையில் நாம் பிடுங்கிச் செருகிய வெள்ளை நிற ஃபியூஸ் கேரியர், கொலுப் பொம்மை, ஊறுகாய் ஜாடி, கார்த்திகை அகல் என எத்தனையோ பொருள்கள் இவ்வூர்ச் சிறு கூடங்களில் பிறந்தன.

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகைக்கு முந்தைய மாதத்தில், அத்தகைய கூடமொன்றில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் சோம்பியிருக்கவில்லை. வெண்களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூன்றும் அரைபட்டுக் கூழாகின்றன. கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உள்சுவரில் மண் படிந்து உருவாகிறது. எஞ்சிய கூழைக் கவிழ்த்து வடித்துவிட்டு, உரு இறுகியதும் அச்சைப் பிரித்து எடுக்கிறார்கள். பெண்கள் ஓரத்துப் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குகிறார்கள். பிறகு உலர்த்தல், ஒரு சூடு, கிளேஸ் பூச்சு, மறு சூடு, தரம் பிரித்தல், பொதிதல்.

ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரை எல்லாம் விறுவிறுப்பாகவே தெரிந்தது. பிறகு ஆட்களை விட்டுவிட்டு ஓர் அகலை மட்டும் கண்ணால் தொடர்ந்தேன். காட்சி தலைகீழாயிற்று. அந்த அகலின் மேல் ஒரு கை படும் நேரம் சில விநாடிகள். மற்ற நேரமெல்லாம் அது பலகையில் கிடக்கிறது. அச்சு ஈரமாயிருப்பதால் கூழ் காத்திருக்கிறது. பலகை காலியில்லாததால் துடைத்த உரு காத்திருக்கிறது. மேகம் மூடியதால் உலராமல் காத்திருக்கிறது. சூளை நிறையாததால் உலர்ந்தது காத்திருக்கிறது. மனிதர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், பொருள் உறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த உறக்கத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் அதற்கு நிறுவல் எழுதினார். வரத்தும் செலவும் ஏறத்தாழச் சமமாயிருக்கும் இடத்தில், தேங்கிக் கிடக்கும் பொருள்களின் எண்ணிக்கையை ஒரு நாளில் வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பொருள் சராசரியாக எத்தனை நாள் அங்கே தங்குகிறது என்பது கிடைக்கும். பலகைகளில் 600 அகல்கள் இருந்து, நாளொன்றுக்கு 100 சூளைக்குள் போகுமானால் ஒவ்வோர் அகலும் ஆறு நாள் காத்திருக்கும். துடைக்கும் பெண்ணை இன்னும் வேகமாகத் துடைக்கச் சொன்னால் என்ன ஆகும்? 600 என்பது 700 ஆகும்; காத்திருப்பு ஏழு நாளாகும். அகல் ஒருநாள்கூட முந்திக் கடைக்குப் போகாது. மெதுவான பணிமுறையைக் கண்ட முதலாளி முதலில் செய்வது ஆட்களை விரட்டுவது. பெரும்பாலும் அது பிழையான மருந்து என்பதற்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கே போதும்.

*

பீங்கான் கூடத்தில் பொருளின் பாதையைத் தொடர்ந்து பார்த்தவர்களில் முன்னோடி, இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரைச் சேர்ந்த ஜொசையா வெட்ஜ்வுட் (1730 – 1795). பர்ஸ்லெம் என்ற குயவர் ஊரில் பிறந்தவர். அவர் காலத்தில் மண்ணும் பண்டமும் குண்டும் குழியுமான பாதைகளில் பொதிக்குதிரை மேல் சென்றன, வழியிலேயே உடைந்தன. அவர் முதலில் சீர்செய்ய முனைந்தது சக்கரத்தையோ சூளையையோ அன்று, பாதையை. டிரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்த் திட்டத்துக்குப் பெரிதும் பாடுபட்டார். 1766இல் தொடங்கிய அக்கால்வாய் 1777இல் நிறைவுற்றது. அதன் கரையில் அமையுமாறு 1769இலேயே எட்ரூரியா என்ற தம் ஆலையைத் திறந்துவிட்டார். பண்டம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் திரும்பி நடக்காமல் முன்னோக்கியே செல்லுமாறு வேலையிடங்கள் வரிசைப்பட்டன. ஆடம் ஸ்மித் குண்டூசி ஆலையின் வேலைப் பகுப்பை நூலில் எழுதியது 1776இல்தான்.

எனினும் வெட்ஜ்வுட்டின் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது கணக்குப் புத்தகத்தில். 1772இல் பிரிட்டனில் கடன் நெருக்கடி மூண்டது. பண்டம் தேங்கியது, கையில் காசில்லை. அப்போதுதான் அவர் உட்கார்ந்து, ஒவ்வொரு பண்டத்துக்கும் உண்மையில் என்ன செலவாகிறது என்று கட்டம் கட்டமாக எழுதிப் பார்த்தார். சில செலவுகள் பண்டத்தின் எண்ணிக்கையோடு ஏறி இறங்குகின்றன. வாடகை, எழுத்தர் சம்பளம் போன்ற சிலவோ பண்டம் கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம்போல ஓடிக்கொண்டே இருக்கின்றன என்று தெரிந்தது. பண்டம் உறங்கும்போதும் செலவு உறங்குவதில்லை என்பதை ஒரு குயவர் எண்களில் கண்டுகொண்ட தருணம் அது. தலைமை எழுத்தர் ஒருவர் பணம் கையாடியதும் அக்காலத்துக் கணக்குச் சோதனையில்தான் வெளிப்பட்டது. ஒன்றைத் தேடப் போனால் மற்றொன்றும் அகப்படும்.

அவருடைய இன்னொரு பணி நம் கதைக்கு நெருக்கமானது. சூளையின் வெப்பத்தை அதுவரை கண்பார்வையால் மதிப்பிட்டு வந்தனர். வெட்ஜ்வுட் சிறு களிமண் துண்டுகளைச் செய்து சூட்டில் வைத்தார். வெப்பம் கூடக்கூட அவை சுருங்கும். எடுத்து, குறுகிச் செல்லும் அளவுச் சட்டத்தில் நுழைத்துப் பார்த்தால் எவ்வளவு சூடு ஏறியது என்று தெரியும். இதை 1782இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். மறு ஆண்டே அதன் உறுப்பினரானார். அந்தக் களிமண் துண்டு வேறொன்றுமன்று. சுந்தரர் கையிலிருந்த மச்சமே அது. பண்டத்தோடு கூடவே பயணம் செய்து, வழியில் நடந்ததைச் சொல்லும் சாட்சி.

*

சூளையின் வரலாற்றையே, யார் காத்திருப்பது என்ற கேள்வியின் வரலாறாகப் படிக்கலாம்.

பழைய சூளையில் பண்டத்தை அடுக்கி, தீ மூட்டி, சுட்டு, ஆறவிட்டுப் பிரிப்பார்கள். ஒவ்வொரு முறையும் பண்டத்தோடு சேர்ந்து சூளையின் சுவரும் சூடேற வேண்டும், பிறகு அவ்வளவு சூடும் வீணே ஆற வேண்டும். எரிபொருளின் பெரும்பகுதி செங்கல் சுவரைச் சூடாக்கவே செலவாயிற்று. ஃபிரீட்ரிக் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் 1858இல் காப்புரிமை பெற்ற வட்டச் சூளையில், பண்டம் நின்ற இடத்தில் நிற்கும். தீ அறை அறையாக நகரும். எரிந்து முடிந்த அறையின் வெப்பம் அடுத்த அறைக்குக் காற்றைச் சூடாக்கித் தரும். அதே கருத்தில் 1876இல் புல் என்பவர் வகுத்த எளிய வடிவமே நம் நாட்டுச் செங்கல் காளவாய்களில் பரவியது. மூன்றாவது கட்டம் டனல் சூளை. 1910களில் கான்ராட் டிரெஸ்லர் இதைப் பீங்கான் தொழிலில் நிலைநாட்டினார். இங்கே தீ நின்ற இடத்தில் நிற்கும். பண்டம் தள்ளுவண்டிகளில் ஏறிக் குகைக்குள் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவரும். உள்ளே போகும் பண்டத்தை வெளியேறும் புகை சூடாக்கும். வெளியே வரும் பண்டத்தின் சூட்டை உள்ளே போகும் காற்று வாங்கிக்கொள்ளும்.

இதன் அழகில் மயங்காதவர் இல்லை. ஆனால் டனல் சூளைக்கு ஒரு குணம் உண்டு. அதற்குக் காத்திருக்கத் தெரியாது. ஒருமுறை மூட்டினால் மாதக்கணக்கில் அணைக்க இயலாது. அணைத்து மூட்டினால் உள்சுவர் வெடிக்கும். வண்டி நிறைந்திருந்தாலும் வெறுமையாயிருந்தாலும் எரிபொருள் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, அதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்லா வேலைகளும் அதன் தாளத்துக்கு ஆட வேண்டும். ஒரே கூரையின் கீழ், ஒரே நிர்வாகத்தில், ஒரே வகைப் பண்டத்தை இடையறாமல் செய்யும் ஆலைக்கு அது வரம்.

விருத்தாசலத்தின் நிலை அதுவன்று. இங்கே பல சிறு கூடங்கள்; பொதுவான டனல் சூளை ஒன்று. தனியாகச் சூளை கட்ட முதலில்லாதவர்கள் உருச்செய்தால் போதும், சுட்டுத் தருவது பொதுச் சூளை என்ற ஏற்பாடு. இதன் நோக்கம் மிக உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெருமுதலாளி இல்லாமலேயே பெரிய எந்திரத்தின் பயனைச் சிறியவர்க்குப் பகிர்ந்தளிக்கும் கனவு அது. சுதந்திரத்துக்குப் பின் வந்த தொழிற்பேட்டைகள் யாவும் அக்கனவின் பிள்ளைகளே.

ஆனால் பணிமுறையின் கண்ணால் பார்த்தால், இத்தகைய ஏற்பாட்டின் இடர்கள் அதன் அமைப்பிலேயே இருக்கின்றன. ஒரு கூடம் பொம்மை செய்யும், மற்றொன்று மின்கருவி உறுப்புச் செய்யும். சுவரின் தடிப்பு வேறு, தேவைப்படும் சூடு வேறு. கொலுவுக்கும் கார்த்திகைக்கும் முன்னால் எல்லாரும் ஒரே வாரத்தில் வருவார்கள். பிறகு வண்டிகள் காலியாக ஓடும். சுடாத பச்சை உரு தொட்டால் நொறுங்குவது. அதைக் கூடத்திலிருந்து சூளைக்குச் சுமக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிழையின் முகவரி அழிந்துபோகிறது. சுட்டெடுத்த பண்டத்தில் விரிசல் காண்கிறது. கூழில் கலவை பிசகியதா, அச்சிலிருந்து அவசரமாக எடுத்ததா, சீராக உலராததா, சுமக்கும்போது அதிர்ந்ததா, சூளை வேகமாக ஆறியதா? 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். அவ்விடத்தை விரைந்து கடந்தால் நல்ல பண்டமும் கீறும். உருச்செய்தவர் சூளையைக் காட்டுவார். சூளைக்காரர் உருவைக் காட்டுவார். ஆற்றில் போட்டாயிற்று, குளத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு மச்சம் வைத்துக்கொள்வதே அது. இன்ன நாள் அரைத்த கூழ் என்று அச்சிலேயே ஒரு குறி, உலர்ந்த உருவைத் தட்டிப் பார்த்துக் கீறல் உள்ளதைச் சூட்டுக்கு முன்பே ஒதுக்குதல் (சுடாத மண்ணைக் கரைத்து மீண்டும் கூழாக்கலாம், சுட்டது ஒருநாளும் மண்ணாகாது), ஒவ்வொரு வண்டியிலும் சோதனைத் துண்டு ஒன்று. செலவு அற்பம். தேவைப்படுவது, பிழை யாருடையது என்ற சண்டையை விட்டு, பிழை எங்கே பிறந்தது என்று கேட்கும் மனம். பிற்காலத்தில் இலேசான வெப்பக்காப்பு இழைகளால் உட்சுவர் அமைந்த, எரிவாயுவால் எரியும் சிறு ஷட்டில் சூளைகள் வந்தன. சுவர் அதிகச் சூட்டைக் குடிக்காததால் சிறு அளவையும் தாளமில்லாத வேலையையும் அவை தாங்கும். பெரியதே சிக்கனம் என்ற நம்பிக்கையை அவை ஓரளவு அசைத்துவிட்டன.

*

இவ்வளவு வெளிப்படையான விரயம் ஏன் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறது? இதற்கு விடை காணும்போதுதான் இது வெறும் நிர்வாகச் சிக்கல் அன்று என்பது விளங்குகிறது.

சிறு கூடங்களில் உருப்படிக் கூலி பரவலான வழக்கம். துடைத்த உருக்களை எண்ணிக் கூலி. அச்சு உலராமல் அந்தப் பெண் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் அந்த மணி நேரம் யாருடைய செலவு? முதலாளியின் பேரேட்டில் அது ஏறாது. அவள் வீட்டு அடுப்பில் ஏறும். வெட்ஜ்வுட் கண்டுகொண்ட ‘ஓடிக்கொண்டே இருக்கும் செலவு’ இங்கேயும் இருக்கிறது. ஆனால் அதைச் செலுத்துபவர் கணக்கெழுதும் இடத்தில் இல்லை. கணக்கில் வராத விரயத்தைத் திருத்த வேண்டிய அவசரம் எவர்க்கும் எழுவதில்லை. உருப்படிக் கூலி சிக்கனமானது என்று நம்பும் முதலாளிக்கு, அது தன் கூடத்தின் நோயைத் தன்னிடமிருந்தே மறைக்கும் திரை என்பது தெரிவதில்லை. கூலி மிச்சம், ஆனால் ஆறு நாள் உறங்கும் பண்டத்தில் முடங்கிய முதலும், பண்டிகை கடந்தபின் போய்ச்சேரும் சரக்கும் அவருடைய நட்டமே.

ஜப்பானிய டொயோட்டா ஆலையின் தாயிச்சி ஓனோ, தம் பொறியாளர்களைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்த வட்டத்துள் நிற்கவைத்து, மணிக்கணக்கில் பார்க்கச் சொல்வாராம். ஆணையிடாதே, திருத்தாதே, முதலில் பார் என்பதே பாடம். நானறிந்த வரையில் இதைவிட மலிவான ஆராய்ச்சி முறை வேறில்லை. அதிலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நின்று பார்ப்பவர், பலகையருகில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கவும் வேண்டும். எந்த அச்சு ஒட்டிக்கொள்கிறது, எந்தக் கூழில் பிசிறு அதிகம், எந்த நாளில் பலகை கிடைக்காது என்பதெல்லாம் அவர்க்குத் தெரியும். கேட்பாரில்லாததால் சொல்லவில்லை.

சீர்திருத்தத்துக்கும் ஒரு நிழல் உண்டு என்பதை மறைக்கலாகாது. வெட்ஜ்வுட் தம் தொழிலாளரைப் பிழையே செய்யாத எந்திரங்களாக்க விரும்பியவர். மணி அடித்து ஆளை அழைத்தார், வருகையைப் பதிந்தார். பீங்கான் ஆலைகளின் வேகம் கூடியபோது காற்றில் கல்தூளும் கூடியது. சிக்கிமுக்கிக்கல்லை உலர்வாக இடிப்பதால் தொழிலாளர் மாய்ந்ததைக் கண்டு, நீரிலிட்டு அரைக்கும் முறைக்குத் தாமஸ் பென்சன் 1726இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் குயவர் நோய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸ் நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சீவிய பிசிறை வாயால் ஊதாமல் ஈரப் பஞ்சால் துடைப்பது பண்டத்துக்கு மட்டுமன்று, நுரையீரலுக்கும் நல்லது. ஓட்டத்தை விரைவாக்கும் திருத்தம் ஒருவர் மூச்சைக் குறைக்குமாயின் அது திருத்தமாகாது. விரயம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஆகவே, ஒரு பணிமுறை சீர்கெட்டிருக்கிறதா என்றறிய விருத்தாசலத்துப் பீங்கான் எனக்குக் கற்பித்த கேள்விகள் மூன்று. பொருள் எங்கே காத்திருக்கிறது? பிழை பிறக்கும் இடத்துக்கும் அது தெரியும் இடத்துக்கும் எவ்வளவு தொலைவு? காத்திருப்பின் விலையைக் கொடுப்பவர் யார்? முதலிரண்டையும் பொறியாளர்கள் நன்றாகவே கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்காதவரை முதலிரண்டுக்கும் கிடைக்கும் விடைகள் காகிதத்திலேயே கிடக்கும் என்றே நினைக்கிறேன்.

அன்று முற்பகல் நான் கண்ணால் தொடர்ந்த அகல், நான் கிளம்பியபோதும் அதே பலகையில்தான் இருந்தது. துடைத்து முடித்த பெண்மணி அடுத்த பலகைக்காகக் காத்துக்கொண்டு, கையிலிருந்த ஈரப் பஞ்சைப் பிழிந்து பிழிந்து வைத்துக்கொண்டிருந்தார். பீங்கானின் மாற்று உரைத்துப் பார்க்க உரைகல் வேண்டியதில்லை. விரலால் சுண்டினால் ஓசை சொல்லிவிடும். அந்த ஓசையைக் கடையில் நின்று கேட்கும் நமக்கு, அது எத்தனை நாள் மௌனமாகப் பலகையில் கிடந்தது என்று தெரிவதில்லை. அது கிடந்த நாள்களுக்கெல்லாம் கூலி பெறாமல் ஒருவர் உடன் உட்கார்ந்திருந்தார் என்பதும் தெரிவதில்லை.